சாக்கடையில் கொட்டச் சொன்ன படம்

லண்டனில் ஒரு பத்திரிகைக் கடை. மரியாதையான உடுப்பு போட்ட ஒரு பெரியவர் உள்ளே வந்து ‘டைம்ஸ்’ ஒன்று, ‘டெலிகிராஃப்’ ஒன்று கேட்கிறார். வாங்கிய பிறகும் நகரவில்லை. கடைக்காரரிடம் ஏதோ ‘படங்கள்’ கிடைக்கும் என்று கேள்விப்பட்டதாக மெல்ல இழுக்கிறார். கடைக்காரர் ஓர் ஆல்பத்தை எடுத்து நீட்டுகிறார். பெரியவர் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது சாக்லேட் வாங்க ஒரு சிறுமி வந்துவிடுகிறாள். அவள் போகும்வரை ஒரே தவிப்பு. பிறகு பேரம் முடிகிறது. நிர்வாணப் படங்கள் அத்தனையும் ஓர் உறைக்குள் போகின்றன. உறையின்மேல் ‘கல்வி நூல்கள்’ என்று எழுதியிருக்கிறது. அவசரத்தில் பெரியவர் தினசரிகளை மறந்துவிட்டுப் போகிறார். “இன்னிக்கு ராத்திரி இவர் குறுக்கெழுத்துப் போடப்போறதில்லை” என்கிறார் கடைக்காரர்.

மைக்கேல் பவல் இயக்கி 1960-ல் வெளியான ‘பீப்பிங் டாம்’ படத்தில் வரும் சிறு நகைச்சுவைக் காட்சி இது. பெரியவராக நடித்தவர் மைல்ஸ் மல்லெசன்; திருதிருவென்று விழிப்பதில் கைதேர்ந்தவர். அந்த ஆல்பத்துக்குப் படம் எடுத்துக் கொடுக்கும் இளைஞனுக்கு வேலை அதே கடையின் மாடியில். முந்தின இரவுதான் அவன் ஒரு பெண்ணைக் கொன்றிருக்கிறான். கொல்லும்போது படமும் எடுத்திருக்கிறான்.

படம் வெளியானதும் லண்டன் பத்திரிகைகள் குதித்த குதியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கடைக் காட்சிதான் நினைவுக்கு வரும். ஆல்பமும் கையுமாக அகப்பட்டுக்கொண்டவரின் கோபம் அது. விமர்சகர்களுக்குப் படம் புரியவில்லை, காலத்தை மிஞ்சிய படம், அதனால்தான் திட்டினார்கள் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கதை. எனக்கென்னவோ அவர்களுக்கு நன்றாகவே புரிந்திருக்கிறது என்றுதான் படுகிறது.

தலைப்பைப் பற்றி ஒரு வார்த்தை. ஆங்கிலத்தில் ‘பீப்பிங் டாம்’ என்றால் ஒளிந்திருந்து பார்ப்பவன். கவன்ட்ரி நகரத்து கொடைவா சீமாட்டியின் பழங்கதையிலிருந்து வந்த பெயர். குடிமக்கள்மீது கணவன் போட்ட வரியைக் குறைப்பதற்காக அவள் ஆடையில்லாமல் குதிரையில் ஊரைச் சுற்றி வருகிறாள். ஊரே கதவடைத்துக்கொண்டு மரியாதை காட்டுகிறது. டாம் என்ற தையற்காரன் மட்டும் எட்டிப் பார்க்கிறான், கண் போய்விடுகிறது. பார்த்தவனுக்குத் தண்டனை குருடு. இந்தப் படத்திலும் பார்வையில்லாத ஒருவர் வருகிறார். ஆனால் உள்ளதை உள்ளபடி உணர்பவர் அவர் ஒருவர்தான். அதற்கு அப்புறம் வருகிறேன்.

கதை இதுதான். மார்க் லூயிஸ் ஒரு சினிமா ஸ்டுடியோவில் ஃபோகஸ் புல்லர், அதாவது படம் தெளிவாக விழும்படி லென்ஸைச் சரிசெய்யும் கேமரா உதவியாளர். கூச்ச சுபாவம், மென்மையான குரல், பார்க்க லட்சணமான பையன். தோளில் எப்போதும் ஒரு 16 எம்.எம். கேமரா. அப்பா விட்டுப்போன பெரிய வீட்டின் மாடியில் அவன் இருக்கிறான். கீழ்த்தளங்களை வாடகைக்கு விட்டிருக்கிறான். அப்பா லூயிஸ் ஊரறிந்த விஞ்ஞானி. நரம்பு மண்டலத்தில் பயம் என்ன செய்கிறது என்பது அவர் ஆராய்ச்சி. சோதனைக்கு எலியைத் தேடிப் போகவில்லை, வீட்டிலேயே மகன் இருந்தான். தூங்கும் குழந்தையின் கட்டிலில் பல்லியை விடுவது, முகத்தில் வெளிச்சம் அடித்து எழுப்புவது, அவன் அலறுவதைப் படம் பிடிப்பது. செத்துக் கிடந்த தாயின் பக்கத்தில் அந்தப் பிள்ளை நிற்பதையும் படம் பிடித்திருக்கிறார். பிறகு அவனுக்கு ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுக்கிறார்.

வளர்ந்த மார்க் அந்த ஆராய்ச்சியைத் தன் வழியில் தொடர்கிறான். கேமராவைத் தாங்கும் முக்காலியான ட்ரைபாடின் ஒரு காலுக்குள் கத்தி. அதை நீட்டியபடி பெண்ணை நெருங்கி அவள் முகத்தில் படரும் பயத்தைப் பதிவு செய்கிறான். அந்த முகங்களில் தெரியும் பீதி சாதாரணமாக இல்லையே என்று போலீஸ்காரர்களுக்கும் குழப்பம், நமக்கும் குழப்பம். கடைசியில்தான் விடை. (அறுபது வருஷத்துக்கு மேலான படம், சொல்லிவிடுகிறேன்.) கேமராவோடு ஒரு கண்ணாடியும் பொருத்தியிருக்கிறான். சாகப்போகிறவள் தன் பயத்தைத் தானே பார்த்துக்கொண்டு சாகிறாள்.

இப்படி ஒரு கதை எங்கிருந்து வந்தது? எழுதியவர் லியோ மார்க்ஸ். அவருடைய அப்பா லண்டன் சாரிங் கிராஸ் ரோட்டில் 84-ஆம் எண்ணில் பழைய புத்தகக் கடை வைத்திருந்தவர். புத்தகப் பிரியர்களுக்கு அந்த முகவரியே போதும்; அதையே தலைப்பாகக் கொண்ட புகழ்பெற்ற கடிதப் புத்தகம் ஒன்று உண்டு. புத்தகத்தின் கொள்முதல் விலையைக் கடைக்காரர்களுக்கு மட்டும் புரிகிற ரகசியக் குறியில் எழுதி வைப்பது அங்கே வழக்கம். சிறுவன் லியோ அதை உடைத்துவிட்டான். இரண்டாம் உலகப்போரில் அந்த மூளை நாஜிகள் பிடித்திருந்த நாடுகளுக்கு ஒற்றர்களை அனுப்பிய பிரிட்டிஷ் ரகசிய அமைப்பின் சங்கேதப் பிரிவுக்குத் தலைமை தாங்கியது. போகிறவர்களைத் தனித்தனியாக எதிரே உட்கார வைத்து அவர் சங்கேதம் சொல்லிக்கொடுப்பார். அவர்களில் பலர் திரும்பி வரப்போவதில்லை. இருபதுகளில் இருந்த ஒருவர் நாள்தோறும் பார்த்தது மறைக்கப்பட்ட பயத்தை. வயலெட் சாபோ என்ற பெண் ஒற்றருக்குச் சங்கேதத்துக்காக அவர் கொடுத்த, அவரே எழுதிய காதல் கவிதை இன்றும் அங்கே கல்யாணங்களிலும் இறுதிச் சடங்குகளிலும் வாசிக்கப்படுகிறது. பயத்தைப் படம் பிடிப்பவனைக் கற்பனை செய்தவரும் இவர்தான். நாயகன் மார்க் லூயிஸின் பெயரைத் திருப்பிப் போட்டுச் சொல்லிப் பாருங்கள், லியோ மார்க்ஸ் எட்டிப் பார்ப்பார்.

பவலும் மார்க்ஸும் முதலில் யோசித்தது சிக்மண்ட் ஃபிராய்டின் வாழ்க்கையை. அமெரிக்காவில் ஜான் ஹூஸ்டன் அதையே எடுக்கப்போகிறார் என்று தெரிந்ததும் கைவிட்டார்கள். அதற்குப் பதிலாக வந்த கதை இது. ஃபிராய்டு முழுசாகப் போய்விடவில்லை என்பது படம் பார்த்தால் தெரியும்.

பவலின் அன்றைய நிலைமையையும் தெரிந்துகொள்ள வேண்டும். எமரிக் பிரெஸ்பர்கருடன் சேர்ந்து அவர் நடத்திய ‘ஆர்ச்சர்ஸ்’ நிறுவனம் 1940-களில் பிரிட்டிஷ் சினிமாவின் பெருமை. ‘பிளாக் நார்சிசஸ்’ 1947-ல், ‘தி ரெட் ஷூஸ்’ 1948-ல். வண்ணத்தை அவர்கள் மாதிரி கையாண்டவர்கள் அன்று இங்கிலாந்தில் யாருமில்லை. ‘தி ரெட் ஷூஸ்’ படத்துக்கு ஐந்து லட்சம் பவுண்டுக்கு மேல் செலவானது. 1957-ல் இருவரும் பிரிந்துவிட்டார்கள். பெரிய நிறுவனங்களும் அவரைத் தேடி வரவில்லை. கடைசியில் அவர் போய் நின்றது ஆங்லோ-அமால்கமேட்டட் என்ற விநியோக நிறுவனத்தில். நாட் கோஹன், ஸ்டூவர்ட் லெவி இருவரும் நடத்தியது. ‘கேரி ஆன்’ வரிசைக் கிச்சுக்கிச்சு நகைச்சுவைகளும் மலிவான பயங்கரப் படங்களும்தான் அவர்கள் சரக்கு. இந்தப் படத்துக்கு ஒதுக்கியது சுமார் ஒன்றேகால் லட்சம் பவுண்டு. படப்பிடிப்பு ஏறக்குறைய ஆறு வாரம்.

கையில் காசு குறைவு என்றால் கைக்கெட்டியதை வைத்து எடுக்க வேண்டும். படத்தில் வரும் ஸ்டுடியோவாக, படப்பிடிப்பு நடந்த பைன்வுட் ஸ்டுடியோவே நடித்தது. மார்க்கின் வீடாக வெளியிலிருந்து காட்டப்படுவது மெல்பரி சாலையில் உள்ள வீடு. பவல் குடியிருந்ததும் அதே சாலைதான். பழைய வீட்டுப் படங்களில் வரும் குழந்தை மார்க், பவலின் சொந்த மகன் கொலம்பா. சரி, அந்தக் கொடுமைக்கார அப்பா? பவலேதான். தன் பிள்ளையின் கட்டிலில் பல்லியைப் போடும் தகப்பனாகத் தானே கேமரா முன் வந்து நின்றார்.

இதையெல்லாம் செலவு மிச்சம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போக முடியாது. இன்னொன்றையும் பாருங்கள். விவியன் என்ற துணை நடிகையாக வருபவர் மொய்ரா ஷியரர். ‘தி ரெட் ஷூஸ்’ படத்தில் பவல் உலகத்துக்கு அறிமுகப்படுத்திய அதே பாலே நடனக்காரி. இதில் அவர் நட்சத்திரத்துக்குப் பதிலாக வெளிச்சம் பார்க்க நிற்கிற டூப். ஸ்டுடியோ மூடிய பிறகு, தன்னை வைத்து ஒரு காட்சி எடுப்பதாகச் சொன்ன மார்க்கை நம்பி, டேப் ரிக்கார்டரில் பாட்டைப் போட்டுக்கொண்டு சந்தோஷமாக ஆடுகிறாள். மார்க் விளக்குகளை ஒவ்வொன்றாக ஏற்றுகிறான், தரையில் அவள் நிற்க வேண்டிய இடத்தைக் குறிக்கிறான், ட்ரைபாடைச் சரிசெய்கிறான். கேமரா உதவியாளர் எவரும் தினமும் செய்கிற வேலை. அவசரமே இல்லை. அவள் உடல் நீல நிறப் பெட்டிக்குள் போகிறது. மறுநாள் படப்பிடிப்பில் அதே பெட்டி காட்சிப் பொருளாக வந்து நிற்கிறது. நடிகைகளைக் கசக்கிப் பிழிந்து தனக்கு வேண்டியதை வாங்குகிறவர் என்று பவலுக்கே ஒரு பெயர் உண்டு. தன் தொழில், தன் தெரு, தன் ரத்தம், தான் உருவாக்கிய நட்சத்திரம் எல்லாவற்றையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிய மாதிரி இருக்கிறது. பெரிய பட்ஜெட் கிடைத்திருந்தால் இவ்வளவு வீட்டுக்குள்ளே போய்த் தேடியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம்தான்.

1960 ஏப்ரல் 7-ஆம் தேதி பிக்கடிலி வட்டாரத்தில் உள்ள பிளாசா தியேட்டரில் படம் வெளியானது. எக்ஸ் சான்றிதழ்; அதாவது அன்றைய கணக்கில் 16 வயது நிரம்பாதவர்களுக்கு அனுமதியில்லை. மறுநாளே ஆரம்பித்தது அர்ச்சனை.

‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ விமர்சகர் லென் மோஸ்லி அப்போதுதான் ஆசியப் பயணம் முடித்துத் திரும்பியிருந்தார். கிழக்குப் பாகிஸ்தானின் தொழுநோயாளர் குடியிருப்புகளோ, பம்பாயின் சந்துகளோ, கல்கத்தாவின் சாக்கடைகளோ தராத குமட்டலையும் மனச்சோர்வையும் இந்தப் படம் தந்தது என்று எழுதினார். சினிமாவைத் திட்டுவதற்கு நம் ஊர்ச் சந்துகள் எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த வரியிலேயே ஒரு விஷயம் வெளிப்பட்டுவிடுகிறது. அசிங்கம் என்றால் அது கடல் தாண்டி எங்கோ இருக்க வேண்டும். மெல்பரி சாலையில் இருக்கக் கூடாது.

‘ட்ரிபியூன்’ இடதுசாரி வார இதழ். அதில் டெரெக் ஹில், இந்தப் படத்தைத் தொலைத்துக்கட்ட ஒரே வழி மண்வெட்டியால் அள்ளிப் பக்கத்துச் சாக்கடையில் கொட்டித் தண்ணீர் விடுவதுதான், அப்படியும் நாற்றம் போகாது என்றார். கம்யூனிஸ்ட் நாளிதழ் ‘டெய்லி வொர்க்கர்’ முழுக்க முழுக்கத் தீயது என்றது. ‘ஸ்பெக்டேட்டர்’ வலதுசாரி ஏடு. அதில் இசபெல் குவிக்லி தன் நினைவில் இவ்வளவு நோயும் அழுக்கும் பிடித்த படம் வேறில்லை என்றார். ‘அப்சர்வர்’ இதழின் மூத்த விமர்சகர் சி.ஏ. லெஜூனுக்கு வெறுப்பு தாளவில்லை. ‘சண்டே டைம்ஸ்’ இதழின் திலிஸ் பவல், சாராம்சத்திலேயே கெட்ட படம் என்றார். (இயக்குநருக்கும் இவருக்கும் குடும்பப்பெயர் மட்டும்தான் ஒன்று, உறவெல்லாம் கிடையாது.) முதலாளித்துவப் பத்திரிகையும் கம்யூனிஸ்ட் பத்திரிகையும் அந்தக் காலத்தில் வேறு எதில் இப்படி ஒத்துப்போயிருக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

ரத்தம்தான் காரணம் என்று நினைத்தால், படத்தில் ரத்தம் இல்லை. தேடிப் பாருங்கள். கத்தி உடலில் இறங்குவதைக்கூட நாம் பார்ப்பதில்லை. இதே நிறுவனம் முந்தைய ஆண்டு வெளியிட்ட ‘ஹாரர்ஸ் ஆஃப் தி பிளாக் மியூசியம்’ படத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண் பைனாகுலரைக் கண்ணில் வைக்கிறாள். உள்ளிருந்து ஆணிகள் பாய்ந்து கண்ணைத் துளைக்கின்றன. அதற்கு இந்த அளவு கூச்சல் எழவில்லை. மலிவான சரக்கு மலிவான கடையிலிருந்து வந்தால் யாருக்கும் புண்படாது. ‘தி ரெட் ஷூஸ்’ எடுத்த கை இதையும் எடுத்ததுதான் வயிற்றெரிச்சலின் ஒரு பாதி.

மறுபாதி படத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. திரை முழுக்க ஒரு கண் சட்டென்று திறக்கிறது. இரவு, ஒரு தெரு, கடை ஜன்னலைப் பார்த்தபடி ஒரு பெண். கோட்டுக்குள் மறைத்த கேமரா ஓடத் தொடங்குகிறது. அடுத்த நொடியிலிருந்து நாம் பார்ப்பது வியூஃபைண்டர் வழியாக. திரையின் நடுவில் குறுக்குக் கோடுகள். அவள் விலையைச் சொல்லிவிட்டு முன்னே நடக்கிறாள். நாமும் பின்னாலேயே படியேறுகிறோம். அவள் அலட்சியமாக உடை களைகிறாள், திரும்புகிறாள், முகம் மாறுகிறது, அலறுகிறாள். வெட்டு. இப்போது ஒரு புரொஜெக்டர் ஓடுகிற சத்தம். அதே காட்சி கறுப்பு வெள்ளையில், ஒலியில்லாமல், மறுபடி முதலிலிருந்து. நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பவனின் முதுகு தெரிகிறது. படத்தின் பெயர்ப்பட்டியல் ஓடுவது இதன்மேல்தான்.

அதாவது ஒரே கொலையை நாம் இரண்டு தடவை பார்க்கிறோம். முதல் தடவை அவன் கண்ணால். இரண்டாம் தடவை அவனோடு சேர்ந்து, இருட்டறையில், டிக்கெட் வாங்கி உட்கார்ந்த மாதிரி. அவன் செய்வதும் நாம் செய்வதும் அந்த நிமிடத்தில் ஒரே காரியம். வாரம் நான்கைந்து படம் இருட்டில் உட்கார்ந்து பார்த்து அதைப் பற்றி எழுதிச் சம்பளம் வாங்குகிறவருக்கு இது எப்படி இருந்திருக்கும்?

போதாக்குறைக்கு மார்க்கை வெறுக்கவும் பவல் நம்மை விடுவதில்லை. கீழ்வீட்டுப் பெண் ஹெலன் தன் 21-ஆம் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டோடு மாடிக்கு வருகிறாள். அவளிடம் அவன் தன் குழந்தைக்கால ஃபிலிமைக் காட்டுகிறான். அவள் பதறுகிறாள், நிறுத்தச் சொல்கிறாள், அவனுக்காக அழும் நிலைக்கு வருகிறாள். இன்னொரு நாள் கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லி வெளியே சாப்பிட அழைத்துப் போகிறாள். வாழ்க்கையில் முதன்முறையாகத் தோள் வெறுமையாக இருக்கும் அந்த இரவில் அவன் நன்றாகவே இருக்கிறான். திரும்பி வந்ததும் ஹெலன் முத்தம் கொடுத்துவிட்டுப் போகிறாள். அவன் கேமராவின் லென்ஸை எடுத்துத் தன் உதட்டில் அழுத்திக்கொள்கிறான். இந்தப் படத்தில் என்னைக் கலங்கடித்த இடம் எந்தக் கொலையும் இல்லை, இதுதான்.

ஹெலனின் அம்மாதான் பார்வையில்லாத அந்தப் பெண். விஸ்கி கொஞ்சம் அதிகம் குடிப்பவர். தலைக்கு மேலே இரவெல்லாம் கேட்கும் காலடிச் சத்தத்தை வைத்தே மார்க்கைப் படித்துவிட்டவர். ஒருநாள் அவன் இருட்டறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துவிடுகிறார். மார்க்குக்கு வழக்கமான வெறி கிளம்புகிறது. ஆனால் கண்ணாடியில் தன்னைப் பார்க்க முடியாதவரிடம் அந்தக் கருவி வேலை செய்யாது. அவர் அவன் முகத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, இந்தப் படமெடுப்பு உடம்புக்கு ஆகாது, யாரிடமாவது போய்ப் பேசு என்கிறார். மாக்சின் ஆட்லி நடித்த இந்த ஐந்தாறு நிமிடம் படத்தின் உச்சம்.

நாட்டின் சூழலும் அப்போது ஒரு தினுசாக இருந்தது. 1959-ல் வந்த தெருக் குற்றச் சட்டம் பாலியல் தொழிலாளர்களைச் சாலையிலிருந்து அகற்றியது. தொழில் போய்விடவில்லை, கண்ணில் படாமல் போனது, அவ்வளவுதான். ‘லேடி சாட்டர்லியின் காதலன்’ நாவல்மீதான ஆபாச வழக்கு 1960 இலையுதிர் காலத்தில் நடந்தது. சினிமாவில் விமர்சகர்கள் கொண்டாடியது தொழிற்சாலை, வாடகை வீடு, கறுப்பு வெள்ளை என்று ‘நிஜ வாழ்க்கை’ காட்டும் புதிய அலையை. அந்த நேரத்தில் மிட்டாய் மாதிரி பளபளக்கும் ஈஸ்ட்மன் கலரில், பியானோ பின்னணியில், ஒரு கொலைகாரனின் கூச்சத்தைக் காட்டினால் எந்தப் பெட்டியில் போடுவது என்றே தெரிந்திருக்காது.

இந்த இடத்தில் ‘சைக்கோ’வைக் கொண்டுவராமல் யாரும் கட்டுரையை முடிப்பதில்லை, நானும் விதிவிலக்கல்ல. ஹிட்ச்காக்கின் படம் அமெரிக்காவில் அதே ஆண்டு ஜூனில் வந்தது, லண்டனில் ஆகஸ்டில். அதுவும் குறைந்த செலவுப் படம்தான், எட்டு லட்சம் டாலர் சொச்சம். அதுவும் பெற்றோரால் சிதைந்த, கூச்ச சுபாவமுள்ள இளைஞனின் கதை. விமர்சகர்களில் பலருக்கு அதுவும் பிடிக்கவில்லை. லெஜூன் பாதியிலேயே எழுந்து போனார். ஆனால் அது வசூலில் வெளுத்து வாங்கியது. பவலும் ஹிட்ச்காக்கும் பழைய கூட்டாளிகள் என்பது கூடுதல் வேடிக்கை. ஊமைப்பட காலத்தில் ஹிட்ச்காக்கின் ‘ஷாம்பெயின்’ படத்துக்கு ஸ்டில்ஸ் எடுத்தவர் பவல்.

பலரும் சொல்லும் வித்தியாசம், ஹிட்ச்காக் சிரிக்க வைத்தார், பவல் குற்றவாளியாக்கினார் என்பது. சரிதான். ஆனால் காசுக்கணக்கையும் பார்க்க வேண்டும். ஹிட்ச்காக் சம்பளத்துக்குப் பதிலாகப் படத்தின் நெகட்டிவில் 60 சதவீத உரிமையை வாங்கிக்கொண்டார். பத்திரிகையாளர்களுக்கு முன்கூட்டிப் போட்டுக் காட்டவே இல்லை. படம் தொடங்கிய பிறகு யாரையும் உள்ளே விடக் கூடாது என்று தியேட்டர்களுக்குக் கட்டளை போட்டு, அதையே விளம்பரமாக்கினார். விமர்சனம் வருவதற்குள் வரிசை நின்றுவிட்டது. பவலிடம் அந்தச் சாவி எதுவும் இல்லை. படம் விநியோகஸ்தரின் சொத்து. அவர்களுக்கோ அந்தஸ்து தேடித்தரும் இயக்குநர் என்று நம்பி வாங்கிய ஆள் அவமானத்தைத் தேடித்தந்துவிட்டார். பத்திரிகைச் சத்தம் எழுந்ததும் பின்னால் நின்று தாங்குவதற்குப் பதில் கைகழுவினார்கள். சின்னப் படத்தைக் கொல்ல விமர்சகர் மட்டும் போதாது. பயந்துபோன விநியோகஸ்தரும் வேண்டும்.

அத்தோடு பவலின் சினிமா வாழ்க்கையே முடிந்தது என்று எங்கே பார்த்தாலும் எழுதியிருக்கும். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அப்படியே உண்மையில்லை. 1961-லேயே ‘தி க்வீன்ஸ் கார்ட்ஸ்’ என்ற ராணுவப் படம் அவர் இயக்கத்தில் வந்தது, ஊற்றிக்கொண்டது. அதற்கு ‘பீப்பிங் டாம்’மைக் குற்றம் சொல்ல முடியாது. ஜெர்மன் தொலைக்காட்சிக்கு ஓர் ஆபரா எடுத்தார். ஆஸ்திரேலியாவுக்குப் போய் 1966-ல் ‘தே ஆர் எ வியர்ட் மாப்’ எடுத்தார். அங்கே பெரும் வெற்றி. 1969-ல் ‘ஏஜ் ஆஃப் கன்சென்ட்’. ஆனால் பிரிட்டனில் பெரிய படம் எதுவும் கைக்கு வரவில்லை. ஐம்பத்து நான்கு வயதில், கைத்தொழில் முழுசாகப் படிந்திருந்த நேரத்தில், வேலை வற்றிப்போனது. இந்தப் படம் வராமலே இருந்திருந்தாலும் அவருடைய பாணிக்கு அறுபதுகளில் இடம் சுருங்கித்தான் இருக்கும் என்று தோன்றுகிறது. அடி பலமாக விழுந்ததென்னவோ நிஜம். விழுந்தது ஏற்கெனவே தள்ளாடிக்கொண்டிருந்தவர்மேல்.

நாயகனாக நடித்த கார்ல்ஹைன்ஸ் போம் கதை வேறு. இசைக்குழு நடத்துநர் கார்ல் போமின் மகன் இவர். ‘சிசி’ படங்களில் இளம் சக்கரவர்த்தியாக நடித்து ஜெர்மன் பேசும் நாடுகளின் செல்லப்பிள்ளையாக இருந்தவர். பிற்காலத்தில் ஜெர்மன் இயக்குநர் ஃபாஸ்பைண்டர் படங்களில் நடித்தார், 1981-ல் எத்தியோப்பியாவுக்காக ஓர் உதவி அமைப்பைத் தொடங்கி மீதி வாழ்நாளை அதற்கே கொடுத்தார். ஹெலனாக நடித்த அன்னா மாஸி 12 ஆண்டு கழித்து ஹிட்ச்காக்கின் ‘ஃப்ரென்சி’யில் கொலையாகும் பெண்ணாக வந்தார். மார்க்கிடம் தப்பியவர் அங்கே மாட்டிக்கொண்டார்.

படம் மெல்ல உயிர்பிழைத்தது வெளிநாட்டில். பிரான்ஸில் பெர்ட்ரண்ட் டாவெர்னியே போன்ற இளம் ரசிகர்கள் ஆரம்பத்திலேயே விட்டுக்கொடுக்கவில்லை. நியூயார்க்கில் சினிமா படித்துக்கொண்டிருந்த, பின்னாளில் பெரிய இயக்குநரான மார்ட்டின் ஸ்கார்செஸியின் காதுக்கு இந்தப் படத்தின் பேச்சு எட்டியது. அமெரிக்காவில் அன்று சுற்றிக்கொண்டிருந்தது வெட்டுப்பட்ட கறுப்பு வெள்ளைப் பிரதி. எழுபதுகளில் லண்டனில் பவல்–பிரெஸ்பர்கர் படங்களைத் தூசிதட்டித் திரையிட்டார்கள். 1979-ல் ஸ்கார்செஸி தன் காசையும் போட்டு முழு வண்ணப் பிரதியை நியூயார்க் திரைப்பட விழாவுக்குக் கொண்டுவந்தார். சினிமா எடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் இந்தப் படமும் இத்தாலிய இயக்குநர் ஃபெலினியின் ‘எட்டரை’ படமும் சொல்லிவிட்டன என்பது அவர் கருத்து. அவருடைய படத்தொகுப்பாளர் தெல்மா ஷூன்மேக்கர் 1984-ல் பவலை மணந்துகொண்டார். எழுத்தாளர் லியோ மார்க்ஸையும் ஸ்கார்செஸி மறக்கவில்லை. 1988-ல் ‘தி லாஸ்ட் டெம்ப்டேஷன் ஆஃப் கிரைஸ்ட்’ படத்தில் சாத்தானுக்கு மார்க்ஸைக் குரல் கொடுக்க வைத்தார்.

1975-ல் திரைப்பட ஆய்வாளர் லாரா மல்வி, சினிமாவில் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண் என்ற ஏற்பாட்டைப் பிரித்துப் போட்டு எழுதிய கட்டுரைக்குப் பிறகு கல்லூரிகளுக்கும் இந்தப் படம் வேண்டியதாயிற்று. பின்னாளில் இதன் லேசர் டிஸ்க் பதிப்புக்கு விளக்கவுரை பேசியதும் மல்விதான். 1999-ல் பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் எடுத்த சிறந்த 100 பிரிட்டிஷ் படங்களின் பட்டியலில் 78-ஆம் இடம். சாக்கடைக்குப் போக வேண்டிய சரக்கை இப்போது ஆவணக் காப்பகத்தில் குளிரூட்டி வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு சொன்னதால் குறையே இல்லாத படம் என்று நினைத்துவிட வேண்டாம். போலீஸ் விசாரணைக் காட்சிகள் சவசவ. லண்டனில் பிறந்து வளர்ந்தவனின் பேச்சில் ஏன் இந்த ஜெர்மன் வாடை என்று படம் விளக்குவதே இல்லை. பார்க்கும் வெறிக்கு ஒரு மருத்துவப் பெயர் உண்டு என்று மனநல மருத்துவர் ஒருவர் ஸ்டுடியோவில் நின்று சொல்லும் இடம் பாடப்புத்தகம். அப்பா பல்லி விட்டார், அதனால் பிள்ளை கொலை செய்தான் என்ற கணக்கும் கொஞ்சம் நேர்க்கோடுதான். கொல்லப்படும் மூன்று பெண்களில் விவியனுக்கு மட்டும்தான் ஓர் ஆட்டமாவது கிடைக்கிறது. மற்ற இருவர் சாக வந்தவர்கள்.

முடிவில், போலீஸ் வாசலுக்கு வந்துவிட்ட பிறகு, மார்க் வரிசையாக நிறுத்திவைத்த கேமராக்களின் பளிச்சொளிக்கு நடுவே ஓடி அதே ட்ரைபாட் கத்தியில் தன் கழுத்தைக் கொடுக்கிறான். தன் பயத்தைத் தானே படம் எடுத்துக்கொள்கிறான். அதற்குப் பிறகும் ரீல் சுற்றிக்கொண்டிருக்கிறது. பழைய டேப்பிலிருந்து அப்பாவின் குரல், அசட்டுப் பிள்ளையாக இருக்காதே, பயப்பட ஒன்றுமில்லை என்கிறது. குட்நைட் அப்பா, என் கையைப் பிடித்துக்கொள் என்கிறது குழந்தையின் குரல். திரையில் ஒன்றும் இல்லை.

மைக்கேல் பவல் 1990 பிப்ரவரியில் காலமானார். நான்கு ஆண்டு கழித்து, 1994-ல், அதே ‘சண்டே டைம்ஸ்’ இதழில் திலிஸ் பவல் இந்தப் படத்தைப் பற்றி மறுபடி எழுதினார். வயது 92. இது ஒரு மகத்தான படைப்பு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன் என்றார். மறுவுலகில் பேச அனுமதி இருக்குமானால் மைக்கேல் பவலைத் தேடிப்பிடித்து மன்னிப்புக் கேட்பதைக் கடமையாக நினைப்பேன் என்றும் எழுதினார். அடுத்த ஆண்டு ஜூனில் அவரும் கிளம்பிப் போனார்.